ஒரே தோணி, நான்கு திதி

ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தியின் மகன் எங்கள் குடும்பத்தின் வமிசாவளியைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். சென்ற மாதம் ஒரு நாள், இங்கே விடிவதற்கு முன்னரே, வைபரில் அவனுடைய கேள்வி வந்து கிடந்தது. "அண்ணை, அம்மம்மாவின்ரை தம்பி செத்த திகதி என்ன? அந்தக் கட்டம் வெறுமையா இருந்தால் இந்தப் புறோகிராம் அவரை உயிரோடை இருக்கிறவர் எண்டு காட்டுது. நூறு வயது தாண்டியிட்டுது." படித்தவுடன் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு நாட்கள் பதில் எழுதாமலே இருந்தேன். எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு திதி இருக்கிறது; ஆனால் அது அவர் இறந்த நாளின் திதி அல்ல.

அவர் வல்வெட்டித்துறைக் கடலோடி. 1923இல் பிறந்தவர். 1942 பங்குனியில், பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, காக்கிநாடாவில் அரிசி ஏற்றிவரப் புறப்பட்ட தோணியில் போனார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர். தோணியும் வரவில்லை, எட்டுப் பேரில் ஒருவரும் வரவில்லை, ஒரு பலகை கரையொதுங்கியது என்றுகூட எங்கிருந்தும் செய்தி வரவில்லை. தோணியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மற்ற ஏழு குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்காமல் அதைப் பொதுவில் வைக்க எனக்கு உரிமையில்லை; ஊரவர்களுக்கு எந்தத் தோணி என்று இதற்குள் விளங்கியிருக்கும்.

வல்வெட்டித்துறை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வேறு நினைவுகள்தான் முதலில் வரும். அதற்கு முந்திய ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஊர் மேத்திரிமார் கரையிலேயே கட்டிய பாய்க்கப்பல்கள் வங்கக் கடலைக் குறுக்கறுத்து றங்கூனுக்கும் அக்யாபுக்கும் போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்த ஊர் அது. 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் போய் நின்ற அன்னபூரணி இங்கே கட்டப்பட்ட கப்பல்தான். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, பெயரையும் மாற்றி, எங்கள் ஊர்க் கடலோடிகளையே கொண்டு சூயஸ் வழியாக அத்திலாந்திக்கைக் கடக்க வைத்தார். அம்மம்மாவின் தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. அதற்கு முந்திய வருடந்தான் அவர் பள்ளிக்கூடத்தை விட்டுத் தோணியில் சமையல் செய்யும் பண்டாரிக்கு உதவியாள் ஆகியிருந்தார். அதாவது அடுப்பு மூட்டுவது, அரிசி களைவது, தண்ணீர்ப் பீப்பாவுக்குக் காவல் இருப்பது. அமெரிக்காவுக்குப் போன ஆட்களைப் பற்றி ஊர் முழுவதும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பானை கழுவிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு என்னென்ன ஆசைகள் எழுந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பாய்க்கப்பலுக்குக் காற்றுத்தான் நாட்காட்டி. தெற்கிலிருந்து காற்று விழத் தொடங்கும்போது வடக்கே போவார்கள். வாடை எழும்பும்போது அதே காற்றில் ஊர் திரும்புவார்கள். ஆகையால் பங்குனியில் போன ஒருவர் ஐப்பசிவரை வராமல் இருப்பது புதினமில்லை. ஆனால் போய்ச் சேர்ந்ததும் துறைமுகத்து வியாபாரி ஒரு தந்தி அடிப்பார். அந்தத் தந்தி வந்தால்தான் வீட்டில் நிம்மதியாக உலை வைப்பார்கள்.

1942 பங்குனியில் அந்த நாட்காட்டி குழம்பிப்போயிற்று. மார்ச் 8இல் றங்கூன் யப்பானியர் வசமானது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்ததால், அது நின்றதும் கொழும்பில் இருப்பவனுக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவனுக்கும் ஒரே நாளில் வயிறு பற்றிய கவலை வந்துவிட்டது. எங்கள் தோணிக்காரர் கோதாவரிப் படுகையின் அரிசியை நம்பிக் காக்கிநாடாவுக்குப் போகத் துணிந்ததும் அதனால்தான். போகும்போது என்ன சரக்கு ஏற்றினார்கள் என்று வீட்டில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பும்போது வரவேண்டிய அரிசியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். "அரிசிக்குப் போன பெடியன்" என்று ஒழுங்கையில் அவருக்குப் பெயர் நிலைத்ததும் அப்படித்தான்.

அவர்கள் பாயெடுத்துப் பத்து நாட்களுக்குள் வங்கக் கடல் முழுவதும் போர்க்களமாயிற்று. ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கைக்குத் தென்கிழக்கே ரோந்து சென்ற கற்றலினா விமானம் ஒன்று யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள், உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. அன்றே கோர்ன்வால், டோர்செற்சயர் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் தென்கடலில் மூழ்கின. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் கடலடிக்குப் போனது. இவையெல்லாம் பாடப்புத்தகத்திலும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய செய்தி வேறு: அந்த நாட்களிலேயே அட்மிரல் ஒசாவாவின் தனிப்படை ஒன்று இந்தியக் கிழக்குக் கரையோரமாகப் பிரிந்து சென்று, இருபதுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களை, 1 இலட்சம் தொன்னுக்கு மேல், ஒரு சில நாட்களில் மூழ்கடித்தது. ஏப்ரல் 6ஆம் திகதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் அந்தப் படையின் விமானங்கள் குண்டு போட்டன.

காக்கிநாடா. அந்தப் பெயரை முதன்முறையாக ஒரு போர் வரலாற்றில் கண்ட அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் வந்து நின்றது நினைவிருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். "யப்பான்காரன் சுட்டுத் தாட்டவன்" என்று எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதைக்குக் கண்ட சாட்சி கிடையாது. பழைய தோணிகளின் பலகை நடுக்கடலில் விட்டுப்போவதும் உண்டு, ஒரு சிறு சூறையில் பாய்மரம் முறிந்து கவிழ்வதும் உண்டு. சிறிய மரக்கலங்களையும் அந்தப் போர் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. எங்கள் தோணியும் அப்படித்தான் போனது என்று சத்தியம் பண்ண என்னால் இயலாது. பகைவன் கையால் இறந்தான் என்பதில் ஒரு கௌரவம் இருப்பதாகச் சனம் நினைக்கிறது. பலகை விட்டு இறந்தவனுக்கு அந்தக் கௌரவம் ஏன் குறைய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

தந்தி வரவில்லை என்பதற்காக அந்தச் சித்திரையில் எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை. குண்டுக்குப் பயந்து சென்னையிலிருந்தே சனம் வெளியேறுகிறது என்று கதை வந்துகொண்டிருந்தது. காக்கிநாடா வியாபாரியும் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளூருக்கு ஓடியிருப்பார், தந்தி அடிக்க யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தேற்றிக்கொண்டார்கள். சித்ரா பௌர்ணமிக்கு முத்துமாரி அம்மன் தீர்த்தம் வந்தது. அம்மம்மாவின் தாய், அதாவது எங்கள் பூட்டி, மகன் வந்தபின் செய்வதாக ஒரு நேர்த்தியை வைத்துவிட்டு வந்தார். ஒடியற் கூழும் மரவள்ளியுமாக வருடம் நடந்தது. ஐப்பசி வந்தது, வாடை எழும்பியது. வேறு தோணிகள் வந்தன. அந்த வாடையில்தான், போய் ஏழு மாதங்கள் கழிந்தபின், பூட்டி கடற்கரைக்குப் போகத் தொடங்கினார் என்று அம்மம்மா சொல்லுவார். ஒரு சாவு வீட்டுக்குள் இப்படியும் நுழையும்: ஏப்ரலில் நடந்ததற்கு ஒக்ரோபரில் முதல் சந்தேகம்.

அம்மம்மா 1920இல் பிறந்தவர். தம்பியைவிட மூன்று வயது மூத்தவர். 1998இல் இறக்கும்வரை அவர் அந்தப் பெயரில்லாத "தம்பி"யைப் பற்றிப் பேசும்போது இறந்தகாலத்தில் பேசியதை நான் கேட்டதில்லை. ஒருமுறை, எனக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும், துணிந்து கேட்டேன்: "நீங்கள் எப்ப அம்மம்மா அவர் வரமாட்டார் எண்டு நினைச்சனீங்கள்?" அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "அவன் நல்லா நீந்துவான். நீந்தத் தெரியாதவனெண்டால் நான் அண்டைக்கே அழுது முடிச்சிருப்பன்."

எட்டுக் குடும்பங்களும் ஒரே கடற்கரையில், கூப்பிடு தூரத்தில் இருந்தவை. ஆனாலும் அந்த எட்டுப் பேருக்கும் எங்கள் ஊரில் நான்கு வெவ்வேறு நாட்களில் திதி கொடுக்கப்படுகிறது என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் நான் கவனித்தேன். இரண்டு வீட்டார் தோணி புறப்பட்ட நாளையே எடுத்துக்கொண்டார்கள். கடைசியாகக் கண்ணால் கண்ட நாள் அதுதானே என்பது அவர்களின் நியாயம். ஒரு வீட்டில் ஈழகேசரிப் பத்திரிகை வாசிக்கும் ஒரு லிகிதர் இருந்தார். அவர் போர்ச் செய்திகளை ஒத்துப் பார்த்துத் திருகோணமலையில் குண்டு விழுந்த நாளின் திதியைக் குறித்தார். மூன்று வீட்டார் ஆடி அமாவாசையோடு சேர்த்துவிட்டார்கள். ஒரே அலையில் ஒன்றாகப் போனவர்கள், ஒருவருக்குப் படையல் வைக்கும் நாளில் மற்றவர் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும். சின்ன வயதில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வீடும் தன் மனம் தாங்கக்கூடிய ஒரு நாளைத் தேடி எடுத்திருக்கிறது.

தோணியின் தலைவராகப் போன தண்டையலின் மனைவி எந்த நாளையும் எடுக்கவில்லை. அவரை நான் கண்டிருக்கிறேன். எழுபதுகளின் நடுவில், நான் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த காலத்தில், பக்கத்து ஒழுங்கையிலிருந்து கடைக்கு வருவார். நரைத்த தலை, ஒரு சதக்குற்றி அளவு குங்குமப் பொட்டு. முப்பது வருடங்களுக்கு மேல் அந்தப் பொட்டை அவர் அழிக்கவில்லை, அழிக்கச் சொல்லவும் ஊரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவர் இறந்து, கீரிமலையில் அவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்த அன்றுதான் தண்டையலுக்கும் முதன்முறையாகப் பிண்டம் வைத்தார்கள். கணவர் மனைவிக்கு ஒரு மாதம் பிந்தித்தான் இறந்தார் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அதில் பகிடி சிறிதும் இல்லை.

நான்காவது திதி எங்களுடையது. பூட்டி உயிரோடு இருக்கும்வரை அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அவர் 1951இல் கண்ணை மூடினார். பன்னிரண்டு வருடங்கள் பார்த்துவிட்டுச் செய்வதுதான் முறை என்று குருக்கள் சொன்னதால் மேலும் மூன்று வருடங்கள் பொறுத்து, 1954 வைகாசி வளர்பிறைத் தசமியில், அம்மம்மாவின் மூத்த அண்ணர் கொள்ளி வைத்தார். உடல் இல்லாதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணுவார்கள். அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. பெண் பிள்ளைகளைக் கிட்ட விடாததால் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்ததாகச் சொல்லுவார். குருக்கள் திண்ணையில் இருந்து ஒரு முழம் நீளத்தில் தர்ப்பையை முடிந்து, கையும் காலும் வைத்து, நூல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "இது காணாது ஐயா, அவன் நெடுவல்" என்றாராம். உருவம் எந்த நீளத்தில் இருந்தாலும் சரிதான் என்று குருக்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் அசையவில்லை. கடைசியில் அவிழ்த்து, இன்னும் தர்ப்பை சேர்த்து, ஒன்றரை முழத்துக்கு மறுபடி கட்டினார்கள். சாம்பலை ஊறணிக் கடலில் கரைத்தார்கள். கடல் கொண்டுபோனவரை நெருப்பில் இட்டு, மறுபடியும் கடலிலேயே விட்டோம் என்று அம்மா இந்தக் கதையை முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

அன்று அவருடைய பொருள் ஏதாவது ஒன்றையும் உருவத்தோடு சேர்த்து எரிக்கலாம் என்றார்கள். றங்குப் பெட்டிக்குள் இரண்டு சாரம், ஒரு புகைப்படம், பாய் தைக்கும் ஊசி ஒன்று, இவ்வளவும் இருந்தன. அம்மம்மா ஒரு சாரத்தைக் கொடுத்தார். ஊசியைக் கேட்டபோது, அது இரும்பு, எரியாது என்று சொல்லி மறுத்துவிட்டார்.

சில வருடங்களுக்கு முன்னர் திருகோணமலைக்குப் போயிருந்தபோது, நிலாவெளி வீதியில் இருக்கும் போர் மயானத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். புல் ஒரே அளவாக வெட்டியிருந்தது. வரிசை வரிசையாக ஒரே உயரத்துக் கற்கள்; பெயர், பதவி, கப்பல், திகதி, வயது. இருபது வயது, இருபத்தொரு வயது என்று வாசித்துக்கொண்டே போனேன். உடல் கிடைக்காத ஹேர்மிஸ் கடற்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் உள்ள நினைவுத் தூண்களில் இருக்கின்றன. இலண்டனில், தேம்ஸ் நதிக்கு அருகே ரவர் ஹில்லில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிகக் கப்பல் மாலுமிகளுக்கென்றே ஒரு நினைவகம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு மட்டும் ஏறத்தாழ 24,000 பெயர்கள். பிரித்தானிய இந்தியாவின் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் இறந்த 6,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை எழுதிய ஏடு ஒன்று சிற்றகாங்கிலும் அதன் மறுபிரதி மும்பையிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் தோணி இவற்றில் எந்த வகைக்குள்ளும் வராது. அது போருக்குப் போகவில்லை, எந்த அரசும் அதை அனுப்பவில்லை. பசித்த ஊருக்கு அரிசி கொண்டுவரத் தன்பாட்டில் போனது. பட்டியல் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் பெயரை அழியாமல் வெட்டி வைப்பது நல்ல காரியந்தான். அந்தக் கற்களுக்கு நடுவில் நின்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, அவ்வளவுதான்.

புகைப்படம் இப்போது இல்லை. 1989இல் எங்கள் வீடு எரிந்தபோது றங்குப் பெட்டியும் அதற்குள் இருந்தவையும் போய்விட்டன. திரும்பிவந்து சாம்பலைக் கிளறியபோது அம்மம்மா தேடியது நகையை அல்ல என்று அம்மா சொல்லுவார். ஊசி கிடைத்தது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர் நெருப்புக்குக் கொடுக்க மறுத்த ஊசி, கறுத்து, சிறிது வளைந்து, ஆனால் முனை முறியாமல் இருந்தது. அதற்குப் பின்னர் அவர் அதை ஒரு சின்னப் போத்தலுக்குள், துருப்பிடிக்காமல் தேங்காயெண்ணெய் விட்டு வைத்திருந்தார். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. என் ஆட்காட்டி விரலைவிட நீளமானது; முனைப்பக்கம் மூன்று பட்டை, துளைப்பக்கம் உருளை. கையில் எடுத்தால் ஊசி என்றே தோன்றாத பாரம்.

சித்தியின் மகனுடைய கேள்வி வந்த கிழமைதான், ஏதோ ஒரு யோசனையில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கடற்கரையில் எண்பது கடந்த ஒரு பெரியவர் இருக்கிறார். தகப்பனோடு சேர்ந்து பாய் தைத்தவர்களில் எஞ்சியிருக்கும் ஒருவர். கண் பார்வை மங்கியவர் என்பதால் ஊசியை வாங்கி விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "ஆற்றை இது?" என்றார். சொன்னேன். பண்டாரிப் பையனாக இருந்தவர் என்றும் சொன்னேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறோம்.

"ஆர் சொன்னது பண்டாரியெண்டு?" என்று அவர் ஊசியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "தம்பி, இது துணி பொருத்துற ஊசியில்லை. இது பாயின்ரை விளிம்பிலை கயிறு பிடிக்கிற ஊசி. அந்தத் தையல் பிழைச்சால் காத்திலை பாய் கிழிஞ்சு போம், பிறகு தோணி இல்லை. இதைச் சின்னப் பெடியளிட்டைத் தண்டையல் குடுக்கமாட்டான். உங்கடை ஆள் வேலை தெரிஞ்ச கலாசி."

கலாசி என்றால் கடல்வேலை செய்யும் மாலுமி. எண்பது வருடங்களுக்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியவந்த ஒரே புதிய செய்தி இது. அம்மம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், தெரிந்திருந்தால் ஒழுங்கை முழுவதும் சொல்லியிருப்பார்.

அன்று இரவு வைபரில் பதில் எழுதினேன். திகதிக் கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாகவே விடச் சொன்னேன். அவரை உயிரோடு இருப்பவராகக் காட்டினால் காட்டட்டும். "தொழில்" என்றொரு கட்டம் இருந்தால் அதில் "கலாசி" என்று போடச் சொன்னேன். கட்டம் இருக்கிறதாம், போட்டுவிட்டான்.